ஷேக்ஸ்பியர் ஓவியக் கூடம்: நாடகத்தை ஓவியமாக்கிய ஒரு முயற்சியின் வரலாறு

நாடகம் கண்ணுக்கும் செவிக்கும் ஒருங்கே விருந்தாவது. ஓவியமோ கண் ஒன்றற்கே உரியது. நாடகம் காலத்தில் இயங்குவது. ஓவியம் இடத்தில் நிலைபெற்று நிற்பது. இவ்விரு கலைகளின் எல்லைகளை ஜெர்மானிய அறிஞர் லெஸ்ஸிங் 1766ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லவோகோன்’ என்னும் நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். அந்நூல் தோன்றி இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின், கொள்கை அளவில் அவர் ஆராய்ந்த சிக்கல் இலண்டன் மாநகரில் செயல் அளவில் ஒரு பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. ஒரே புலவரின் நாடகங்களை மட்டும் பொருளாகக் கொண்டு, நாட்டின் பெரும்பாலான முன்னணி ஓவியர்கள் தீட்டிய ஓவியங்களை, அதற்கெனவே எடுத்த ஒரு மாளிகையில் மக்கள் காண வைத்த முயற்சி அது. ஜான் பாய்டெல் என்பார் நிறுவிய ‘ஷேக்ஸ்பியர் ஓவியக் கூடம்’ என்பது அதன் பெயர்.

1789 முதல் 1805 வரை பதினாறு ஆண்டுகள் நிலவி மறைந்த இக்கூடத்தின் வரலாற்றை ஓவிய வரலாற்றாசிரியர்கள் ஆராய்ந்துள்ளனர். எனினும், இலக்கிய மாணவர்க்கும் இதன்கண் கற்கத்தக்கன பல உள. ஒரு நூலை ஓவியமாக்குவது அந்நூலுக்குச் செய்யும் தொண்டா, தீங்கா? ஓவியம் நூலுக்கு உரையா, அன்றி நூலின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும் பகையா? இவ்வினாக்கள் இக்கூடத்தின் காலத்திலேயே எழுந்தன. அவற்றிற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. தோற்றம்

பதினெட்டாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் இங்கிலாந்தின் ஓவியக்கலை ஒரு குறையுடையதாகக் கருதப்பட்டது. உருவப்படம் எழுதுவோர் செழித்திருந்தனர். செல்வர் தம் உருவையும், தம் மனைவி மக்கள் உருவையும், தம் குதிரையின் உருவையும் எழுதுவித்துச் சுவரில் மாட்டிக்கொண்டனர். ஆனால் காவியம், சமயம், வரலாறு ஆகியவற்றிலிருந்து பெருநிகழ்ச்சிகளை எடுத்து எழுதும் ‘வரலாற்று ஓவியம்’ அங்கு வேரூன்றவில்லை. இத்தாலியிலும் பிரான்சிலும் அதனைத் திருச்சபையும் அரசும் வளர்த்தன. சமயச் சீர்திருத்தத்திற்குப் பின் இங்கிலாந்தின் கோயில்கள் ஓவியங்களை வேண்டாதனவாயின. 1768ஆம் ஆண்டில் அரசக் கலைக்கழகம் நிறுவப்பட்டு, அதன் தலைவர் சர் ஜோசுவா ரெய்னால்ட்ஸ் வரலாற்று ஓவியத்தின் உயர்வைத் தம் சொற்பொழிவுகளில் இடையறாது வலியுறுத்தி வந்தார். ஆயினும் அவரே தம் வாழ்நாளில் பெரும்பகுதியை உருவப்படங்களுக்கே செலவிட வேண்டியிருந்தது. வாங்குவார் இன்றேல் வளருமா கலை?

இக்குறையை நீக்க முன்வந்தவர் அரசரும் அல்லர், ஆயரும் அல்லர், ஒரு வணிகர். ஜான் பாய்டெல் செப்புத்தகட்டில் படம் செதுக்கும் தொழிலைக் கற்றுத் தம் வாழ்வைத் தொடங்கியவர். தம் கையால் செதுக்குவதினும் பிறர் செதுக்கியவற்றை வெளியிட்டு விற்பதில் அவர் திறம் மிக்கவர். பிரான்சிலிருந்து அச்சுப்படங்களை இறக்குமதி செய்துகொண்டிருந்த இங்கிலாந்தை, ஐரோப்பா முழுமைக்கும் அவற்றை ஏற்றுமதி செய்யும் நாடாக மாற்றியதில் அவருக்குப் பெரும்பங்கு உண்டு. பெஞ்சமின் வெஸ்ட் தீட்டிய ‘தளபதி உல்ஃபின் இறப்பு’ என்னும் ஓவியத்தை வுல்லட் என்பார் செதுக்க, 1776ஆம் ஆண்டில் வெளிவந்த அச்சுப்படம் பாய்டெலுக்குப் பெருஞ்செல்வத்தை ஈட்டித் தந்தது. செல்வத்தோடு பதவியும் வந்தது. 1790ஆம் ஆண்டில் அவர் இலண்டன் மாநகர மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1786ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், பாய்டெலின் அண்ணன் தம்பி வழி மகனான ஜோசையா பாய்டெலின் ஹாம்ப்ஸ்டெட் இல்லத்தில் ஒரு விருந்து நடைபெற்றது. ஓவியர் வெஸ்ட், ரோம்னி, பால் சாண்ட்பி ஆகியோரும், புத்தக வணிகர் ஜார்ஜ் நிக்கல் முதலியோரும் அவ்விருந்தில் கூடியிருந்தனர். பிற நாட்டார் தம் பெரும்புலவர்களின் நூல்களை அழகிய படங்களோடு பதிப்பித்திருக்க, ஷேக்ஸ்பியருக்கு அத்தகைய பதிப்பு ஒன்றும் இல்லையே என்ற பேச்சு எழுந்தது. அப்பேச்சிலிருந்து திட்டம் பிறந்தது. இக்கருத்தை முதலில் கூறியவர் தாமே என்று நிக்கல் பின்னர் உரிமை கொண்டாடினார். அவ்வாண்டு டிசம்பர்த் திங்களிலேயே திட்டத்தின் அறிவிப்பும் வெளிவந்தது.

திட்டம் மூன்று கூறுகளை உடையது. முதலாவது, ஜார்ஜ் ஸ்டீவன்ஸ் என்னும் புலமையாளர் பாடம் தேர்ந்து அமைக்கும் படங்களுடன் கூடிய நாடகப் பதிப்பு. இரண்டாவது, பெரிய அளவுத் தாள்களில் அச்சிட்ட படங்களின் தொகுதி. மூன்றாவது, இவ்விரண்டிற்கும் மூலமான வண்ண ஓவியங்களை மக்கள் காணும் கூடம். முதல் இரண்டும் விற்பனைக்கு உரியவை. மூன்றாவது அவ்விற்பனையைத் தாங்கும் தூண். இவ்வமைப்பை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். கூடத்தின் வளர்ச்சிக்கும் வீழ்ச்சிக்கும் இதுவே காரணமாயிற்று.

2. பால் மால் மாளிகை

இலண்டனின் பால் மால் தெருவில் 52ஆம் எண்ணுள்ள மனையில் கூடம் எழுந்தது. அம்மனையே இலக்கியத் தொடர்புடையது. புகழ்பெற்ற பதிப்பாளரான ராபர்ட் டாட்ஸ்லியின் புத்தகக் கடை முன்னர் அங்கே இருந்தது. புதிய மாளிகையை அமைத்தவர் இளைய ஜார்ஜ் டான்ஸ் என்னும் கட்டடக் கலைஞர். பழைய கிரேக்க மரபைத் தழுவி முகப்பை வகுத்த அவர், தூண்களின் தலையில் வழக்கமான சுருளுக்கு மாறாக, கல்லாய் இறுகிய பழங்கால நத்தை வடிவை அமைத்துப் புதுமை செய்தார். வாயிலின் மேலே தாமஸ் பேங்க்ஸ் செதுக்கிய புடைப்புச் சிற்பம் விளங்கியது. நடுவே ஷேக்ஸ்பியர் அமர்ந்திருக்க, ஒருபுறம் கவிதையும் மறுபுறம் ஓவியமும் மகளிர் வடிவில் அவரைச் சூழ்ந்து நிற்பதாக அமைந்தது அச்சிற்பம். கூடத்தின் கொள்கை முழுவதையும் அவ்வொரு சிற்பமே சொல்லிவிட்டது எனலாம்.

1789ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் கூடம் 34 ஓவியங்களுடன் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். ஆண்டுதோறும் ஓவியங்கள் பெருகி, இறுதியில் அவற்றின் தொகை ஏறத்தாழ 170 ஆயிற்று. வருவோர் கையில் ஒரு விளக்க ஏடு தரப்பட்டது. ஒவ்வோர் ஓவியத்திற்கும் உரிய நாடகப் பகுதி அதன்கண் அச்சிடப்பட்டிருந்தது. ஏட்டைப் படித்து ஓவியத்தை நோக்கி, ஓவியத்தை நோக்கி மீண்டும் ஏட்டைப் படித்து மக்கள் நடந்தனர். ஆதலின், அக்கூடம் காண்பதற்கு மட்டும் உரிய இடமாக அமையவில்லை; நின்று படிக்கும் நூலகமாகவும் விளங்கிற்று.

அவ்விளக்க ஏட்டிற்கு 1789இல் பாய்டெல் எழுதிய முன்னுரை கருதத்தக்கது. ஆங்கில வரலாற்று ஓவிய மரபு ஒன்றை நிலைநாட்டுவதே தம் நோக்கம் என்று கூறும் அவர், ஓவியரின் கலை எஞ்ஞான்றும் ஷேக்ஸ்பியரின் உயர்வை எட்டும் என எவரும் எதிர்பார்த்தல் கூடாது என்றும், அப்புலவரின் ஆற்றல்களுள் சில எந்தத் தூரிகைக்கும் எட்டாதவை என்றும் பணிவுடன் ஒப்புகின்றார். பின்னர் வந்த குறைகூறுவோர் பலர் இவ்வொப்புதலை மறந்தே பேசினர்.

3. ஓவியரும் காட்சிகளும்

ரெய்னால்ட்ஸ் முதலில் தயங்கினார். பின்னர்ப் பெருந்தொகை பெற்று இசைந்தார். வெஸ்ட், ரோம்னி, ஜேம்ஸ் பாரி, ஜான் ஓபி, நார்த்கோட், வில்லியம் ஹாமில்டன், ராபர்ட் ஸ்மர்க் முதலியோர் பங்கு கொண்டனர். பெண் கலைஞருள் ஏஞ்சலிகா காஃப்மன் ஓவியங்களையும், ஆன் டேமர் புடைப்புச் சிற்பங்களையும் அளித்தனர். 1780இல் சென்னையில் வந்திறங்கி, சில ஆண்டுகள் இந்தியாவிற் சுற்றி நம் நாட்டு நிலக்காட்சிகளைத் தீட்டிய வில்லியம் ஹாட்ஜஸ், ‘வெனிஸ் வணிகன்’ நாடகத்தின் நிலவொளிக் காட்சியை எழுதினார். டார்பி நகர ஜோசப் ரைட், தமக்குத் தரும் ஊதியம் வெஸ்டுக்குத் தருவதற்குக் குறைவாக உள்ளது என்று பாய்டெலோடு பூசலிட்டார். கலைஞர்களைத் தரம் பிரித்து விலை கூறும் வணிக முறையின் இயல்பான விளைவு அது.

நாடகம் முழுவதையும் ஓவியம் காட்ட இயலாது. ஒரு கணத்தையே காட்ட இயலும். எனவே எக்கணத்தைத் தெரிந்தெடுப்பது என்பதே ஓவியனின் முதற் புலமை. இக்கூடத்தின் ஓவியங்கள் மூன்றினை எடுத்து இதனை ஆராய்வோம்.

முதலாவது, ஜேம்ஸ் பாரி 1786க்கும் 1788க்கும் இடையே தீட்டிய லியர் மன்னனின் ஓவியம். இறந்துபட்ட மகள் கார்டீலியாவைத் தாங்கியவண்ணம், காற்றில் நரைமயிர் பறக்க, முதிய மன்னன் கதறுகின்றான். பின்புலத்தில் பழம் பிரித்தானியரின் பெருங்கல் மண்டபம் தோன்றுகின்றது. அழுகை என்னும் மெய்ப்பாட்டின் எல்லையைத் தொட்ட ஓவியம் இது. இதன் வரலாற்றுச் சிறப்பு யாதெனின், அக்காலத்து இலண்டன் அரங்கில் இக்காட்சியை எவரும் கண்டிலர் என்பதே. நாஹும் டேட் என்பார் 1681ஆம் ஆண்டில் ‘லியர் மன்னன்’ நாடகத்தைத் திருத்தி, கார்டீலியா உயிர் பிழைத்து மணம் புரிந்து வாழ்வதாக முடித்தார். நூற்றாண்டுக்கு மேலாக அத்திருத்தமே மேடையேறியது. 1823ஆம் ஆண்டில் எட்மண்ட் கீன் துன்ப முடிவை மீட்டார். 1838ஆம் ஆண்டில் மக்ரெடி மூலபாடத்தைப் பெரும்பாலும் மீட்டார். நடிகர் மறைத்ததை ஓவியன் காட்டினான். நூலில் உறங்கிக் கிடந்த மூலமுடிவு மேடைக்குத் திரும்புவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னரே பால் மால் தெருவில் திரைச்சீலையில் உயிர் பெற்றது. ஓவியம் நூலுக்குத் தீங்கு செய்தது என்போர்க்கு இவ்வோர் எடுத்துக்காட்டே தக்க மறுமொழியாகும்.

இரண்டாவது, ரெய்னால்ட்ஸ் தீட்டிய கார்டினல் போஃபர்ட்டின் இறப்பு. ‘ஆறாம் ஹென்றி’ நாடகத்தின் இரண்டாம் பகுதியில், பழி சுமந்த சமயத் தலைவர் அறிவு கலங்கி இறக்கின்றார். அருகில் நிற்கும் மன்னன் அவருடைய உள்ளத்தை அலைக்கும் தீய ஆவியை விரட்டுமாறு இறைவனை வேண்டுகின்றான். ரெய்னால்ட்ஸ் அத்தீய ஆவியைத் தலையணையின் பின்னே பேயுருவமாகவே எழுதிவிட்டார். கண்டோர் பலர் கடிந்தனர். அவர் கடிந்ததில் நியாயம் உண்டு. கவிதையில் உருவகமாக நின்றது ஓவியத்தில் உருவமாகிவிட்டது. உள்ளத்தின் வேதனை என்று கேட்போர் உணர்வதை, கட்டிலருகே இருக்கும் ஒரு பொருளாக ஓவியம் குறுக்கிவிட்டது. உருவகத்தைக் கூறுவது சொல்லுக்கு எளிது, கோட்டிற்கு அரிது. சொல் ‘இது அது போன்றது’ என்னும் குறிப்பைத் தன்னுள் வைத்துக் காக்கும். கோடு ‘இதோ அது’ என்றே சுட்டும். இரு கலைகளின் வேறுபாட்டை இதனினும் தெளிவாக உணர்த்தும் சான்று கிடைப்பது அரிது.

மூன்றாவது, ஹென்றி ஃபியூசெலி ‘நடுவேனிற் கனவு’ நாடகத்திற்கு எழுதிய டைட்டானியா ஓவியம். சூரிச் நகரிற் பிறந்து உரோமில் மைக்கலாஞ்சலோவின் ஓவியங்களைப் பயின்று இலண்டனிற் குடியேறியவர் ஃபியூசெலி. கழுதைத் தலை பூண்ட நெசவாளியைத் தேவதையரின் அரசி அணைக்கும் காட்சியைச் சுற்றி, நாடகத்தில் பெயர் சொல்லப்படாத பல கனவுருக்களை அவர் நெருங்க எழுதினார். எள்ளல், மருட்கை, அச்சம் மூன்றும் ஒருங்கே கலந்த ஓவியம் இது. ரெய்னால்ட்ஸ் செய்தது போலவே ஃபியூசெலியும் காணாப் பொருளை உருவாக்கினார். ஆயினும் அவர் வெற்றி பெற்றார். காரணம் யாது? ரெய்னால்ட்ஸ் ஒரு சொல்லை எழுதினார். ஃபியூசெலி அந்நாடகத்தின் கனவியல்பை எழுதினார். சொல்லுக்குச் சொல் படமெழுதுவது மொழிபெயர்ப்பிற் சொல்லுக்குச் சொல் வைப்பதைப் போன்று தோல்வியுறுவதே. சுவையை உணர்ந்து அதற்கு ஒத்ததோர் உலகைப் படைப்பதே வெல்லும்.

4. எதிர்ப்புகள்

கூடம் திறந்து ஏழு வாரங்கள் கூட நிரம்பாமுன், 1789 ஜூன் 20ஆம் நாள், கேலிச்சித்திரக்காரர் ஜேம்ஸ் கில்ரே ஒரு படம் வெளியிட்டார். நகரவையோர்க்குரிய அங்கி அணிந்த பாய்டெல், ஷேக்ஸ்பியரின் நாடக ஏடுகளைத் தீயிலிட்டுப் பேராசைத் தெய்வத்திற்கு வேள்வி செய்கின்றார். எழும் புகை புலவரின் சிலையை மறைக்கின்றது. அப்புகையிடையே கூடத்து ஓவியங்களின் உருவங்கள் உருத்திரிந்து மிதக்கின்றன. இம்முயற்சியிற் செதுக்கும் பணி கில்ரேக்குக் கிட்டாமையால் எழுந்த சினம் இதற்குக் காரணம் என்பர். காரணம் எதுவாயினும் கேள்வி பொருளுடையது: புலவனுக்கு எடுத்த விழாவா, புலவன் பெயரால் நடந்த வணிகமா?

இதனினும் ஆழமானது சார்லஸ் லாம் எழுப்பிய எதிர்ப்பு. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகங்கள் நடிப்பதற்கன்றிப் படிப்பதற்கே ஏற்றவை என 1811ஆம் ஆண்டிலேயே வாதிட்டவர் அவர். 1833ஆம் ஆண்டில் தம் நண்பர் சாமுவேல் ரோஜர்ஸுக்கு எழுதிய கடிதத்தில், பாய்டெலின் கூடம் தமக்கு இழைத்த தீங்கை நொந்துகொள்கின்றார். ஒவ்வோர் ஓவியனும் தன் ஷேக்ஸ்பியரைத் தந்து, எல்லார்க்கும் பொதுவான ஷேக்ஸ்பியரைப் பறித்துவிட்டான் என்பதும், ஜூலியட்டுக்கு ஒரே முகத்தை வரையறுத்துவிட்டால் எல்லையற்றதாயிருந்த கற்பனை எல்லைக்குள் அடைபட்டுவிடும் என்பதும் அவர்தம் முறையீட்டின் சாரம்.

லாம் கூற்றை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. படிப்பவன் உள்ளத்திலே தானாக வளரும் உருவம் வேறு. பிறர் தந்து பதிந்த உருவம் வேறு. ஆயினும் இருவகையான தீமைகளை லாம் ஒன்றாகக் கலக்கின்றார் என்பது என் கருத்து. கூடத்தில் லியர் மன்னனைப் பாரி ஒருவர் மட்டும் எழுதினாரல்லர். புயலிடை நின்ற லியரை வெஸ்ட் எழுதினார். கார்டீலியாவை வெறுத்தொதுக்கும் லியரை ஃபியூசெலி எழுதினார். மூன்று லியர்களின் முகமும் வேறு வேறு. அவற்றை ஒருங்கே கண்டவன் எம்முகத்திற்கும் அடிமையாகான். ஒரு நூலுக்குப் பல உரைகளை ஒப்புநோக்குவான் போல நின்று தானே ஓர் உருவைத் துணிவான். ஆனால் அவ்வோவியம் அச்சேறி, நூலின் தாளிடையே தைக்கப்பட்டு, வீடுதோறும் ஒரே உருவாகப் பரவும்போது நிலை மாறுகின்றது. ஆங்கே ஓவியம் உரையாக நில்லாது பாடமாகிவிடுகின்றது. எனவே தீங்கு ஓவியத்தின்கண் இல்லை. ஒற்றை ஓவியத்தின் தனியாட்சியிலேயே உள்ளது.

5. வீழ்ச்சி

கூடத்தின் பெருஞ்செலவை நுழைவுக் கட்டணம் தாங்கவில்லை. தாங்கவும் அது கருதப்படவில்லை. அச்சுப்படங்களின் விற்பனையே அதனைத் தாங்க வேண்டியதாயிற்று. அங்கேதான் இடர்கள் சூழ்ந்தன. கோடுகளாற் செதுக்கும் முறை நுட்பமானது, ஆனால் நெடுங்காலம் கொள்வது. விரைவு கருதிப் புள்ளிகளாற் செதுக்கும் முறையையும் பாய்டெல் மேற்கொண்டார். தகடுகள் விரைவில் தேய்ந்தன. படங்களின் தரம் ஒருசீராக அமையவில்லை. முன்பணம் செலுத்தியோர் குறை கூறினர். 1791இல் வெளிவரத் தொடங்கிய ஒன்பது தொகுதிப் பதிப்பு நிறைவுறப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 1796ஆம் ஆண்டளவில் சந்தாதாரர்களுள் மூன்றில் இரு பங்கினர் விலகிவிட்டனர்.

அனைத்திற்கும் மேலாகப் போர் வந்தது. பிரெஞ்சுப் புரட்சியை அடுத்து 1793இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் மூண்ட போர், பாய்டெலின் செல்வத்திற்கு ஊற்றாயிருந்த ஐரோப்பியச் சந்தையை அடைத்துவிட்டது. 1804ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், எண்பதைக் கடந்த அம்முதியவர், தம் உடைமைகளைப் பரிசுச் சீட்டு வழி விற்க நாடாளுமன்றத்தின் இசைவை வேண்டிக் கடிதம் எழுதினார். கலையை வளர்க்கத் தாமும் தம் குடும்பத்தாரும் 3,50,000 பவுனுக்கு மேல் செலவிட்டதையும், கூடத்தை நாட்டிற்கே உரிமையாக்கிச் செல்லக் கருதியிருந்ததையும், போர் அவ்விருப்பத்தைக் குலைத்ததையும் அக்கடிதம் கூறுகின்றது. நாடாளுமன்றம் இசைந்தது. மூன்று கினி விலையுள்ள 22,000 சீட்டுகள் விற்றுத் தீர்ந்தன. கடன் தீரும் என்ற ஆறுதலோடு 1804 டிசம்பர் 12ஆம் நாள் பாய்டெல் மறைந்தார்.

1805 ஜனவரி 28ஆம் நாள் சீட்டுக் குலுக்கப்பட்டது. கூடமும் ஓவியங்களும் அடங்கிய தலைப்பரிசு வில்லியம் டாஸி என்னும் மணிச்செதுக்குக் கலைஞருக்கு வீழ்ந்தது. 10,000 பவுனுக்கு அவற்றைத் திரும்ப வாங்க ஜோசையா பாய்டெல் முன்வந்தார், டாஸி உடன்படவில்லை. அவ்வாண்டு மே மாதம் கிறிஸ்டி ஏலக்கடையில் ஓவியங்கள் கூறுபட்டு விற்றன. அவ்வேலத்தில் கிடைத்த தொகை 6,000 பவுனுக்குச் சற்றே மிகுதி. ஜோசையா தரவிருந்ததினும் அது குறைவு. ஒருங்கிருந்தபோது அவை ஒரு நாட்டின் கனவு, பிரிந்தபோது வெறுஞ்சரக்கு.

6. எஞ்சியவை

அவ்வோவியங்களுள் ஏறத்தாழ நாற்பதே இன்று ஐயமின்றி அடையாளம் காணத்தக்கன. சில காணாமற் போயின, சில துண்டாடப்பட்டன. பாரியின் லியரும் ஃபியூசெலியின் டைட்டானியாவும் இலண்டன் டேட் கலைக்கூடத்தில் உள்ளன. வெஸ்டின் லியர் கடல் கடந்து பாஸ்டன் நகர் சேர்ந்தது. ரெய்னால்ட்ஸ் எழுதிய மெக்பெத் ஓவியமும் போஃபர்ட் ஓவியமும் சஸக்ஸ் பகுதியிலுள்ள பெட்வொர்த் மாளிகையில் உள்ளன.

பால் மால் மாளிகை உடனே மறையவில்லை. ‘பிரிட்டிஷ் இன்ஸ்டிட்யூஷன்’ என்னும் கலைக்கழகம் அதனைப் பெற்று 1806 முதல் 1867 வரை அங்கே கண்காட்சிகளை நடத்தியது. 1868இல் மாளிகை இடிக்கப்பட்டது. முகப்பிலிருந்த பேங்க்ஸின் சிற்பம் மட்டும் காப்பாற்றப்பட்டு, 1870இல் ஸ்ட்ராட்ஃபர்ட் நகரின் ‘நியூ பிளேஸ்’ தோட்டத்தில் நிறுவப்பட்டது. அத்தோட்டம் ஷேக்ஸ்பியர் 1597இல் வாங்கி இறுதிவரை வாழ்ந்த மனையைச் சார்ந்தது. அம்மனையிலிருந்த வீடும் 1759இலேயே இடிக்கப்பட்டுவிட்டது. புலவன் வாழ்ந்த இல்லமும் இல்லை. அவன் நாடகங்களை ஓவியமாகக் காட்டிய இல்லமும் இல்லை.

முடிவுரை

வணிக முயற்சி என்ற வகையில் பாய்டெலின் கூடம் தோல்வியே. எனினும் அதன் பயன் தோல்வியோடு ஒழியவில்லை. மில்டனின் காவியத்தை ஓவியமாக்கி ஃபியூசெலி 1799இல் திறந்த கூடம் இதன் வழித்தோன்றலே. 1824ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் தேசிய ஓவியக் கூடம் முதன்முதலிற் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டபோது, அது அமைந்ததும் அதே பால் மால் தெருவின் ஒரு வீட்டிலேதான். தனியொரு வணிகர் நாட்டிற்கு அளிக்க விரும்பி அளிக்க இயலாது போனதை, இருபது ஆண்டுகளுக்குள் நாடே தனக்கு அமைத்துக்கொண்டது.

இலக்கிய மாணவர் கொள்ளத்தக்க முடிபுகள் இரண்டு. ஓவியம் நாடகத்திற்கு ஈடாகாது, ஆனால் உரையாகும். நல்லுரை போல மறைந்த பொருளை மீட்கவும் வல்லது, பொருந்தா உரை போல நுண்பொருளைக் குறுக்கவும் வல்லது. பாரி முன்னதற்குச் சான்று. ரெய்னால்ட்ஸின் போஃபர்ட் பின்னதற்குச் சான்று. மற்றொன்று, பல உரைகள் உடனிருக்கும் வரையில் நூலுக்குக் கேடில்லை என்பது. ஒற்றையுரை நூலை மூடும். பல்லுரை நூலைத் திறக்கும். பல்லுரைகளை ஒருங்கே வைத்துக் காட்டியதே அக்கூடத்தின் பெருமை.